பூட்டிய அறையில் ஒரு கிகாபிட்

பென்னாகரம் பக்கத்தில், ஒகேனக்கல் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் எங்கள் ஊராட்சி. 22 வருஷமாக இங்கே கேபிள் டிவி நடத்துகிறேன். சாலையை ஒட்டிக் கீழே ஆறு குக்கிராமங்கள் இருக்கின்றன. ஏழாவது காட்டுக்குள், மலை மேலே. அதை நாங்கள் மேலூர் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது கீழ்ப் பிள்ளைகள் என் கேபிளில் கல்வித் தொலைக்காட்சி பார்த்தார்கள். மேலூருக்கு என் கேபிள் போகாது, செல்போன் சிக்னலும் கிடையாது. அங்கிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலு கிலோமீட்டர் இறங்கி வருவாள். எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து, வாத்தியார் வாட்ஸ்அப்பில் போட்ட பாடத்தையெல்லாம் போனில் இறக்கிக்கொண்டு, வெயில் தாழ்வதற்குள் மறுபடி ஏறிவிடுவாள். யானை நடமாடும் வழி அது. "நாளைக்கு வரமாட்டேன் அண்ணா, அம்மா விடமாட்டாங்க" என்று ஒருநாள் சொன்னாள். அடுத்த நாளும் வந்தாள். சில வருஷம் கழித்து இந்த ஃபைபர் இணைய வேலையில் நான் இறங்கியதற்கு அந்தப் பெண்தான் காரணம்.

2023-இல் எங்கள் ஊராட்சிக்கு ஃபைபர், அதாவது இணையம் வரும் கண்ணாடி இழைக் கேபிள், வந்தது. பெரும்பாலும் மின்கம்பங்கள் மேலேயே கறுப்புக் கேபிளை இழுத்துக்கொண்டு வந்து, கிராம சேவை மையக் கட்டடத்தில் ஒரு ரேக் வைத்து, அதில் ரவுட்டரும் யூபிஎஸ்ஸும் பொருத்திவிட்டுப் போனார்கள். ஊராட்சிகளுக்கு ஃபைபரில் இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் இது. தமிழ்நாட்டில் இதை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் செய்கிறது. 12,525 ஊராட்சிகளுக்கும் தலா ஒரு கிகாபிட் வேகம் என்பது இலக்கு. நம் தர்மபுரி மாவட்டத்தில் மட்டும் 251 ஊராட்சிகள்.

சரி, வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அறை பூட்டியே கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரேக்கில் ஒரு விளக்குகூட எரியாது. "அரசாங்கம் பெட்டியை வெச்சுட்டுப் போயிடுச்சு, அவ்வளவுதான்" என்று டீக்கடையில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைசியில் ஒருநாள் ஊராட்சி செயலரிடம் சாவி வாங்கித் திறந்து பார்த்தால் விஷயம் ரொம்பச் சின்னது. கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா சாயங்காலம் பூட்டும்போது பழக்கப்படி மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார். யாரும் அவரிடம் அணைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. காலையில் போட்டாலும், ராத்திரி முழுக்க ஓடி ஓடி யூபிஎஸ் பேட்டரி வடிந்துபோய், சில வாரங்களில் பேட்டரியே செத்துவிட்டது. கரன்ட் பில் ஏறிவிடுமோ என்ற பயம் செயலருக்கும் இருந்தது.

நான் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்லாம் சேர்ந்து 100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். தெருவிளக்குச் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ரேக்குக்குத் தனி சுவிட்ச், அதைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட், பக்கத்தில் 'அணைக்கக் கூடாது' என்று எழுத்து. எழுதியது அந்த அக்காவின் மகன். அன்றிலிருந்து அந்த அறையைக் காவல் காப்பது அக்காதான். மழை நாளில் கரன்ட் போனால் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும். உங்கள் ஊராட்சியில் "பாரத்நெட் வேலை செய்யவில்லை" என்றால், மனு எழுதுவதற்கு முன்னால் அந்த அறையைத் திறக்கச் சொல்லி பிளக்கையும் பேட்டரியையும் பாருங்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்குக் கேட்கும் தைரியம் வந்தது. செல்போன் நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தைக் கிராமங்களுக்குச் சேவை கொண்டுபோவதற்கென்றே அரசுக்குக் கட்டுகின்றன. 2002-இலிருந்து இருக்கிற நிதி இது. 2023-ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? மேலூர்ப் பாட்டி போடும் ரீசார்ஜிலிருந்தும்தான். சிக்னலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, கீழே இறங்கும் நாளில் மகனோடு பேசலாம் என்று மாதாமாதம் ரீசார்ஜ் போடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பணமும் அந்த நிதியில் இருக்கிறது. ஆகவே கேட்பது பிச்சை கேட்பதாகாது. இதை நான் கிராம சபையில் எழுந்து சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்த பெண்கள்தான் முதலில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

ரேக் உயிர்பெற்ற பிறகு, அங்கிருந்து வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் உள்ளூர்ப் பங்குதாரராகப் பதிவு செய்துகொண்டேன். ஊராட்சி அலுவலகம் வரை அரசு கொண்டுவந்துவிடுகிறது. அங்கிருந்து வீட்டுத் திண்ணை வரை இருக்கிற அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு உள்ளூரில் ஆள் வேண்டும். கேபிள்காரனுக்கு எந்தக் கம்பம் எங்கே இருக்கிறது, எந்த வீட்டு ஓட்டில் ஏறினால் உடையும் என்பதெல்லாம் தெரியும். வேலை மட்டும் புதுசு. இருபது வருஷம் செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றிய கை, ஃபைபர் முன்னால் நடுங்கியது.

அதை நான் கற்றுக்கொண்ட ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் புதைக்கத் தோண்டிய ஜேசிபி, மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் மெயின் கேபிளை அறுத்துவிட்டது. நாலு நாள் இணையம் இல்லை. ஏன் நாலு நாள் என்று பார்த்தால், யாருமே புகார் கொடுக்கவில்லை. செயலர் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார், நான் அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். நாலாம் நாள் புகார் எண் வாங்கினோம், அன்று ராத்திரியே ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். துண்டிப்பு நடந்த தேதி, மணி, யார் புகார் சொன்னது, புகார் எண் என்ன, எப்போது சரியானது என்று எழுதிவைக்கிறோம். அந்த நோட்டு வந்த பிறகு ஒரு நாளைக்கு மேல் நாங்கள் இருட்டில் கிடந்தது இரண்டே தடவைதான்.

வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பைக் பெட்டியில், அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின். நான் டார்ச் பிடித்தேன். கேபிளின் தோலை உரித்ததும் உள்ளே இழைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை என்று அவன் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே பிரித்தான். அந்த வரிசை மாறினால் அவ்வளவுதான். இழையின் மேல்பூச்சை வழித்து, ஸ்பிரிட் தொட்ட காகிதத்தால் துடைத்து, இழையை நேராக வெட்டும் கிளீவரில் வைத்து ஒரு அழுத்து. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மெஷின் திரையில் இரண்டு முனைகளும் தென்னை மரம் பருமனுக்குத் தெரிந்தன, நிஜத்தில் தலைமுடி அளவுதான். ஒரு பொறி வெட்டியது, இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒட்டிய இடத்தில் வெளிச்ச இழப்பு 0.02 டெசிபெல் என்று காட்டியது. "அண்ணா, கையைத் தொடைச்சுக்கங்க, வேர்வை பட்டாக்கூட ஒட்டாது" என்றான். அறுந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினான். கண்ணாடித் துண்டு, காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, எடுக்கவும் முடியாது. குழந்தைகள் நடக்கிற இடத்தில் இந்த வேலை செய்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

மறுவாரம் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கி, பழைய மெஷின் ஒன்றைச் சேலத்திலிருந்து வாங்கிவந்தேன். இழையில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர் மட்டும் புதிது. அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டு முனையில் வெளிச்சம் மீட்டரில் மைனஸ் 25 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் அந்த இணைப்பு இன்றைக்கு ஓடினாலும் மழைக்காலத்தில் உங்களை ராத்திரியில் எழுப்பும். ஒரு இழையின் வெளிச்சத்தை எட்டு இணைப்பாகப் பிரித்தால் சுமார் 10 டெசிபெல் போய்விடும், பதினாறாகப் பிரித்தால் 13-க்கு மேல். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு ஒரே இழையில் எட்டு, மறுபடி எட்டு என்று பிரித்துக்கொண்டே போனேன். கடைசி ஐந்து வீடுகளில் சிவப்பு விளக்குச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் போட இரண்டு வாரக் கூலி போயிற்று.

ஃபைபர் திருட்டு பற்றி ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் ஒருநாள் எரிந்த கேபிள் குவியல் கிடந்தது. செம்பு இருக்கும் என்று யாரோ அறுத்து எரித்திருக்கிறார்கள். உள்ளே மஞ்சள் நூலும் கண்ணாடியும்தான், எடைக்கடையில் ஒரு ரூபாய்க்குப் போகாது. போலீசுக்குப் போகவில்லை. ஊர்க் கூட்டத்தில் அரை மீட்டர்த் துண்டு ஒன்றை உரித்து எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். அதற்குப் பிறகு அறுபடவில்லை. குரங்குகளுக்குத்தான் இன்னும் புரியவைக்க முடியவில்லை. ஒகேனக்கல் பக்கம், கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் டிராப் கேபிளைத் தளர்வாக விட்டால் ஊஞ்சல் ஆடிவிடும், இழுத்துக் கட்டுங்கள்.

முதலில் 14 வீடுகள், இப்போது 83. இதில் நான் எதிர்பார்க்காதது பணம் வரும் வழி. எங்கள் பக்கம் சம்பளக்காரர்கள் குறைவு. பட்டுக்கூடு விற்றால் காசு, புளி உலுக்கும் பருவத்தில் காசு, மற்ற நாளில் கை வறட்சி. மாதம் முதல் தேதி வசூலுக்குப் போனால் பாதி வீட்டில் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள், கேட்பதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கும். பிறகுதான் புரிந்தது, இணைப்பு வீட்டில் இருந்தாலும் கட்டுகிறவர் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருக்கிறார். அப்பா அம்மா முகத்தைப் பார்க்க மகன் கட்டுகிறான். அவன் நம்பரை வாங்கி, மாதம் பிறந்ததும் அவனுக்கே செய்தி அனுப்பினால் ஐந்து நிமிஷத்தில் ஜிபே வந்துவிடுகிறது. பட்டுக்காரர்களுக்கு மூன்று மாதம் சேர்த்து, கூடு விற்ற கையோடு கட்டும் ஏற்பாடு. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் இன்றைக்கு என்ன விலை என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வண்டி ஏற்றுகிறார்கள்.

புதிதாக இணைப்பு வாங்குகிறவர்களுக்கும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கல்சுவர் வீட்டில் ரவுட்டரை உள் அறையில் வைத்தால் திண்ணைக்கு வைஃபை வராது. நடுக்கூடத்தில், ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள், தகரக் கூரைக்கு ஒட்டி மட்டும் வேண்டாம். கோடை இடி இடித்தால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். ஃபைபரில் மின்னல் பாயாது, கரன்ட் வயரில் பாயும். ஒரே சித்திரை மாதத்தில் நாலு வீட்டில் அடாப்டர் கருகியது.

இனி மேலூர்.

முதல் மனு 2023 அக்டோபர் 2 கிராம சபையில். தீர்மானம் போட்டு மேலே அனுப்பினோம், ஐந்து மாதம் கழித்து "அப்படி ஒரு குடியிருப்பு பதிவில் இல்லை" என்று திரும்பி வந்தது. ஊர் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது! பக்கத்துக் கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷின் கழுதை மேல் போவதைத் தேர்தலுக்குத் தேர்தல் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், எங்கள் பக்கமும் ஏறக்குறைய அந்த நிலைதான். விசாரித்ததில், நாங்கள் கூப்பிடும் பெயர் வேறு, அரசுப் பதிவேட்டில் உள்ள பெயர் வேறு. விஏஓவிடம் போய்ப் பதிவேட்டுப் பெயரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொண்டு, வீடுகள் எத்தனை, பள்ளி எங்கே, அடுத்த மின்கம்பம் எத்தனை மீட்டர் என்று ஒரே பக்கத்தில் எழுதினோம். இரண்டாவது மனு திரும்பி வரவில்லை.

என்ன கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். "எங்களுக்கு நெட் வேண்டும்" என்று எழுதினால் அது எந்த மேஜைக்கும் போகாது. மேலூர் மாதிரி இடத்துக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, சிக்னல் இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கோபுரம் வைக்கும் திட்டம். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 24,680 கிராமங்களுக்காக 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. இன்னொன்று, 2023 ஆகஸ்ட் 4-இல் ஒப்புதலான திருத்திய பாரத்நெட், 1,39,579 கோடி. இதில் ஊராட்சித் தலைமையிடமாக இல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே 'கேட்டால்' என்ற ஒரு சொல் இருக்கிறது. தேவை என்று வந்தால்தான் இணைப்பு. கேட்காத ஊர் கணக்கில் வராது. ஆகவே எங்கள் தீர்மானத்தில் இரண்டையும் பெயர் சொல்லித் தனித்தனிப் பத்தியாகக் கேட்டோம்.

மிச்சம் இருந்தது காடு. வனத்துறை விடாது, காட்டுக்குள் கம்பி இழுக்க டெல்லி வரை போக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். 2006-ஆம் வருஷ வன உரிமைச் சட்டத்தைப் படித்துக் காட்டியது, தொட்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்த அதே பெண். இப்போது தர்மபுரியில் கல்லூரியில் படிக்கிறாள். பிரிவு 3(2)-இல் வனத்துக்குள் வாழும் மக்களுக்காக அரசு செய்து கொடுக்கக்கூடிய 13 வசதிகளின் பட்டியல் இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை, இவற்றோடு மின்கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும். ஒவ்வொன்றுக்கும் இடம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவுதான். ஒப்புதல் மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிகிறது.

அன்றைக்கு என் கடை மேஜையில் கால்குலேட்டரை வைத்து அவளே கணக்குப் போட்டாள். அரை மீட்டர் அகலத்தில் நாலு கிலோமீட்டர் தோண்டினால் 2,000 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் என்பது 10,000. "அண்ணா, அஞ்சுல ஒரு பங்குகூட தாண்டல" என்றாள். நடைபாதையை ஒட்டியே புதைத்தால் மரம் வெட்டும் பேச்சே இல்லை.

கிராம சபையில்தான் சிரமம். இந்தத் தீர்மானத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிற கூட்டம் போதாது. அதற்காக மேலூரிலேயே, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூட்டம் வைத்தோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் முதல்நாளே சொல்லிவைத்ததால் வேலை முடிந்து நேராக வந்தார்கள். கையெழுத்துப் பக்கங்கள், போட்டோ, வரைபடம் எல்லாவற்றையும் நாலு நகல் எடுத்தோம். அது பிறகு எங்களைக் காப்பாற்றியது. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபோது பழைய கோப்பைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. எங்கள் நகலை வைத்துத்தான் வேலை தொடர்ந்தது. எந்த மனுவாக இருந்தாலும் முத்திரை போட்ட நகல் ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

போன மாதம் ரேஞ்சர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் இடம் பார்க்க வந்தார்கள். காலை ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். டேப்பின் ஒரு முனை வனக்காப்பாளர் கையில், இன்னொரு முனை மேலூர்ப் பெரியவர் கையில். யானைச் சாணம் கிடந்த இடத்தில் மட்டும் எல்லோரும் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு நடந்தோம். பாறை வரும் இடத்தில் புதைக்க முடியாது, அங்கே ஆறு கம்பம் நட வேண்டும் என்று குறித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாசலுக்கு வந்து டேப்பைச் சுருட்டியபோது மணி பத்தரை. வெட்ட வேண்டிய மரங்கள் என்ற கட்டத்தில் அவர் 'இல்லை' என்று எழுதினார். பெரியவர் அந்தக் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எந்த ரூம்ல சார் பெட்டி வைப்பீங்க?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.